லேப்டாப் ஓடுகிறது, திரை மட்டும் இருட்டு: “போர்டு போய்விட்டது” என்று நம்பும் முன் செய்ய வேண்டியவை

சென்ற கோடையில் குடியாத்தத்திலிருந்து ஒரு தறிக்காரர், மகளின் லேப்டாப்பை மஞ்சள் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வேலூர் சத்துவாச்சாரியில் லேப்டாப் பழுது பார்க்கும் என் மேசைக்கு வந்தார். பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை. ஏற்கெனவே ஓர் இடத்தில் காட்டியிருக்கிறார். மதர்போர்டு போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும் என்று சொல்லி, அவருடைய இரண்டு மாத வருமானத்துக்குச் சமமான தொகையைக் கேட்டிருக்கிறார்கள். “தம்பி, பெண் அடுத்த வாரம் ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும். போர்டு மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் திரும்பக் கிடைக்குமா?” என்று கேட்டார். பின்மூடியைத் திறந்து ரேமை, அதாவது தற்காலிக நினைவக அட்டையை, கழற்றினேன். அதன் பொன்னிறப் பட்டைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் துடைத்து மறுபடியும் சொருகினேன். திரை வந்துவிட்டது. இருபது நிமிட வேலை.

எல்லா லேப்டாப்பும் இவ்வளவு எளிதில் எழுந்துவிடாது. உண்மையிலேயே போர்டு போனவையும் வரத்தான் செய்கின்றன. ஆனால் ‘டிஸ்ப்ளே வரவில்லை’ என்பது நோயின் பெயர் அல்ல, அறிகுறி. சி.எம்.சி. மருத்துவமனை இருக்கிற ஊரில் இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. காய்ச்சல் என்று வந்தவரை ரத்தப் பரிசோதனைகூட இல்லாமல் யாரும் அறுவைச் சிகிச்சைக்கு அனுப்புவதில்லை. லேப்டாப்புக்கும் அந்த நியாயம் வேண்டும். கீழே உள்ள சோதனைகளில் முதல் பாதிக்கு ஒரு பைசா செலவில்லை, திருப்புளியும் தேவையில்லை. சொல்லியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். ஒவ்வொரு சோதனையின் விடைதான் அடுத்து எங்கே தேடுவது என்று சொல்லும்.

முதலில், இது எந்த வகை இருட்டு?

பட்டனை அழுத்தியதும் தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் ஒரு கணமாவது தோன்றிப் பிறகு இருட்டினால், அல்லது கறுப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் நகர்ந்தால், சிக்கல் பெரும்பாலும் விண்டோஸிலோ, திரைக்குப் படம் அனுப்பும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரிலோ இருக்கிறது. ரேமையும் திரையையும் சந்தேகிக்காதீர்கள். இங்கே நான் பேசுவது சின்னமே தோன்றாத, தொடக்கம் முதலே கறுப்பாக இருக்கும் திரையைப் பற்றி.

சார்ஜரைப் பாருங்கள். டைப்-சி வந்த பிறகு இது ஒரு புதுச் சிக்கலாகிவிட்டது. கைப்பேசி சார்ஜரைச் சொருகினால் லேப்டாப்பின் விளக்கு எரியக்கூடும். ஆனால் 15 அல்லது 20 வாட் கொடுக்கும் சார்ஜரால், 45 அல்லது 65 வாட் கேட்கும் கருவியைக் கிளப்ப முடியாது. லேப்டாப்புடன் வந்த சார்ஜரைச் சொருகி அரை மணி நேரம் விட்டுவிட்டு முயலுங்கள். பென் டிரைவ், மவுஸ், பிரிண்டர் கேபிள் என்று சொருகியிருப்பவை அனைத்தையும் பிடுங்கிவிடுங்கள். பழுதான ஒரு யு.எஸ்.பி. கருவியே தொடக்கத்தை நிறுத்தி வைக்கும்.

இனி மிக முக்கியமான சோதனை. பட்டனை அழுத்தி ஒரு நிமிடம் காத்திருந்து, கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். தட்டுகிற ஒவ்வொரு முறையும் அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால், உள்ளே எல்லாம் விழித்திருக்கிறது. பிராசஸரும் ரேமும் பெரும்பாலும் நலம். திரை, அதன் கேபிள், பின்விளக்கு ஆகியவற்றின் பக்கம் தேட வேண்டும். விளக்கு அசையவே இல்லையென்றால், லேப்டாப் தன் தொடக்கப் பரிசோதனையையே தாண்டவில்லை. ரேம், பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்), போர்டு ஆகியவற்றின் பக்கம் தேட வேண்டும். கேப்ஸ் லாக் விளக்கு இல்லாத மாடல் என்றால், இரண்டு நிமிடம் கழித்து கடவுச்சொல்லைத் தட்டி என்டர் அழுத்திவிட்டு ஒலியைக் கூட்டிக் குறையுங்கள். விண்டோஸ் எழுப்பும் ஒலி கேட்டால் அதுவும் அதே விடைதான்.

ஒரு விதிவிலக்கு. அண்மையில் ரேம் மாற்றியிருந்தால் அவசரப்படாதீர்கள். டிடிஆர்5 வகை ரேமைப் புதிதாகப் போட்ட முதல் முறை, போர்டு அதைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை இருட்டாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் பயந்து அணைத்தால், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

கேப்ஸ் லாக் எரிகிறதா? திரையை எழுப்பிப் பாருங்கள்

வெளிச்சம் கூட்டும் விசையைப் பத்து முறை தட்டுங்கள். எளிமையாகத் தோன்றினாலும் இதைத் தாண்டிப் போக வேண்டாம். குழந்தைகள் விளையாடிய லேப்டாப்பில் வெளிச்சம் அடிமட்டத்துக்கு இறங்கியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அடுத்து விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி (இங்கிலீஷ் எழுத்துகளில் இரண்டாவது) நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் தன்னை மறுபடி தொடங்கிக்கொள்ளும், ‘பீப்’ என்று ஒரு சிறு ஒலியும் வரும். பிறகு விண்டோஸ் விசையுடன் பதினாறாவது எழுத்தை, அதாவது ‘ப்ரொஜெக்டர்’ என்பதன் முதல் எழுத்தை அழுத்துங்கள். படம் எந்தத் திரைக்குப் போக வேண்டும் என்று கேட்கும் பட்டியல் திறக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், கீழ் அம்பை ஒருமுறை தட்டி என்டர் கொடுங்கள். வராவிட்டால் அதையே மறுபடி செய்யுங்கள். கல்லூரியில் ப்ரொஜெக்டரில் இணைத்து ‘இரண்டாவது திரை மட்டும்’ என்று விட்டுவிட்டு வந்த லேப்டாப், வீட்டில் இருட்டாகவே விழிப்பதுண்டு.

அடுத்தது காந்தம். மேல்மூடியில் ஒரு சிறு காந்தம் இருக்கும். கீழ்ப்பகுதியில் அதை உணரும் சென்சார் இருக்கும். மூடினால் காந்தம் நெருங்கும், திரை அணையும். வேறு காந்தம் நெருங்கினாலும் அதே கதைதான். மனைவியின் சிகிச்சைக்காகக் கொல்கத்தாவிலிருந்து வந்து, சி.எம்.சி. எதிரே ஒரு லாட்ஜில் தங்கி, அங்கிருந்தே அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் இரண்டு முறை என்னிடம் வந்தார். என் மேசையில் திரை நன்றாக வரும், அறைக்குப் போனால் இருட்டும். மூன்றாம் முறை நானே லாட்ஜுக்குப் போனேன். மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரும் என்று, கைப்பேசியை விசைப்பலகையின் ஓரத்திலேயே வைத்திருந்தார். அதன் உறையில் காந்தப் பூட்டு. கைப்பேசியை எடுத்ததும் திரை வந்தது. அவர் கண் கலங்கியதை இன்னும் மறக்கவில்லை. உறை, வாட்ச் பட்டை, இயர்போன் பெட்டி, இன்னொரு லேப்டாப், எதுவானாலும் ஓர் அடி தள்ளி வையுங்கள். வேறு லேப்டாப்பின் மேல் அடுக்கி வைத்துக்கொண்டு சோதிக்காதீர்கள்.

டார்ச் சோதனை, டிவி சோதனை

இருட்டான அறைக்குப் போங்கள். மே மாத நண்பகலில் வேலூரில் திரைச்சீலை போட்டாலும் வெளிச்சம் கசியும், அதனால் இரவில் செய்வது நல்லது. லேப்டாப்பைக் கிளப்பி, இரண்டு நிமிடம் கழித்து, கைப்பேசி டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். ஐகான்களின் நிழலோ கடிகாரமோ மங்கலாகத் தெரிகிறதா?

தெரிந்தால் படம் வருகிறது, அதை ஒளியூட்டும் பின்விளக்குதான் இல்லை. திரவப் படிகத் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அதன் பின்னால் உள்ள எல்இடி விளக்குகள்தான் ஒளி தருகின்றன. அந்த விளக்குகளோ, அவற்றுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கேபிள் இழையோ, போர்டில் உள்ள கடுகளவு ஃபியூஸோ போயிருக்கலாம். ஃபியூஸ் என்றால் சிப் லெவல் வேலை, அதாவது போர்டில் உள்ள சிறு பாகங்களை மட்டும் மாற்றும் வேலை, தெரிந்தவருக்கு அது சிறிய வேலை. இதற்குப் போர்டையே மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓஎல்இடி திரைகளுக்குப் பின்விளக்கே இல்லை என்பதால் இந்தச் சோதனை அவற்றுக்குப் பொருந்தாது.

டார்ச்சில் ஒன்றும் தெரியாவிட்டால், எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றை இரவல் வாங்கி வீட்டு டிவியில் இணையுங்கள். ரிமோட்டில் அந்த எச்டிஎம்ஐ இணைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு லேப்டாப்பைக் கிளப்புங்கள். சில மாடல்கள் விண்டோஸ் வந்த பிறகே வெளித்திரைக்குப் படம் அனுப்பும், அதனால் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். டிவியில் படம் வந்தால், மகிழ்ச்சியான செய்தி: போர்டு, ரேம், பிராசஸர் எல்லாம் பெரும்பாலும் நலம். பழுது பெரும்பாலும் பேனலிலோ (திரைப் பலகை) கேபிளிலோதான். அதோடு உங்கள் கோப்புகளையும் இப்போதே பென் டிரைவில் எடுத்துவிடலாம். பழுது பார்ப்பதைவிட அதை முதலில் செய்யுங்கள்.

மூடியை மெல்லத் திறந்து மூடிப் பாருங்கள். ஒரு கோணத்தில் படம் மின்னி மறைந்தால் குற்றவாளி கேபிள். அது கீலின் வழியாகத்தான் போர்டுக்குப் போகிறது. ஆயிரக்கணக்கான முறை மடங்கி நிமிர்ந்து உள்ளே இழை அறுந்திருக்கும். கீல் உடைந்தும் சரிசெய்யாமல் ஓட்டிய லேப்டாப்புகளில் இது மிகவும் சாதாரணம். டெல் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. டெல் என்ற பெயரின் முதல் எழுத்து விசையை அழுத்தியபடியே பட்டனை அழுத்தினால், திரை தன்னைத் தானே சோதித்து வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று வண்ணங்களைக் காட்டும். வண்ணம் சுத்தமாக வந்தால் பேனல் நலம்.

கேப்ஸ் லாக் எரியவில்லையா? மின்சாரத்தை வடியுங்கள்

சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரி கழற்றக்கூடியதென்றால் கழற்றுங்கள். பவர் பட்டனை முழுதாக முப்பது நொடி அழுத்திப் பிடியுங்கள். மனத்துக்குள் எண்ணினால் பதினைந்திலேயே விட்டுவிடுவோம், அதனால் கடிகாரத்தைப் பாருங்கள். பிறகு சார்ஜரை மட்டும் சொருகிக் கிளப்புங்கள். சில லெனோவோ, ஏசர் மாடல்களின் அடியில் ஓர் ஊசித்துளை இருக்கும். சார்ஜர் இல்லாத நிலையில் காகித ஊக்கின் முனையால் அதனுள் உள்ள பட்டனைச் சில நொடிகள் அழுத்தினால், பேட்டரி தொடர்பு துண்டித்து மறுபடி இணையும்.

இது ஏன் வேலை செய்கிறது? லேப்டாப்பை அணைத்தாலும், மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறிய சிப் பேட்டரியில் விழித்துக்கொண்டே இருக்கிறது. மின்வெட்டு, மின்னழுத்த ஏற்ற இறக்கம், மாலை இடி மழை போன்றவற்றில் அது தடுமாறி ஒரே நிலையில் சிக்கிக்கொள்ளும். முழுக்க மின்சாரம் வடிந்தால்தான் அது புதிதாகத் தொடங்கும்.

பவர், பேட்டரி, கேப்ஸ் லாக் விளக்குகளில் ஏதாவது தாளத்தில் மின்னுகிறதா என்றும் பாருங்கள். அது லேப்டாப் பேசும் மொழி. அண்மைக்கால டெல் மாடல்களில் மஞ்சள் 2, வெள்ளை 3 அல்லது 4 என்று மின்னினால் ரேம். 2, 7 என்றால் திரை. 2, 2 என்றால் பயாஸ். எச்பி மாடல்கள் பலவற்றில் நீளமாக 3, குட்டையாக 2 என்றால் ரேம். 3, 3 என்றால் கிராபிக்ஸ். 2, 2 என்றால் பயாஸ். மற்ற நிறுவனங்களுக்கு உங்கள் மாடல் எண்ணைப் போட்டு அவர்களின் உதவிப் பக்கத்தில் தேடுங்கள். எண்ணுவது கடினமென்றால் கைப்பேசியில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

பயாஸ் என்று காட்டினால் உடனே கடைக்கு ஓட வேண்டாம். எச்பியில் விண்டோஸ் விசையையும் முன்பு சொன்ன பி (இங்கிலீஷின் இரண்டாவது எழுத்து) விசையையும் சேர்த்துப் பிடித்தபடி பவர் பட்டனை இரண்டு மூன்று நொடி அழுத்தினால், சேமித்து வைத்த பழைய பயாஸைத் திரும்ப ஏற்ற முயலும். டெல்லில் அணைத்த நிலையில் கண்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் பிடித்தபடி சார்ஜரைச் சொருக வேண்டும். இவை நடக்கும்போது மின்சாரம் போகக் கூடாது. மின்வெட்டு அறிவித்த நாளில் தொடாதீர்கள்.

ரேமைக் கழற்றித் துடைப்பது

வாரண்டி இருந்தால் இங்கேயே நின்று சர்வீஸ் மையத்துக்குப் போங்கள். காபியோ தண்ணீரோ கொட்டியிருந்தாலும் மேற்கொண்டு கிளப்பிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் சேதம் பரவும். மற்றவர்கள் தொடரலாம்.

மேசையில் வெள்ளைத் துணி விரியுங்கள். ஒரு காகிதத்தில் லேப்டாப்பின் அடிப்பகுதியை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே டேப்பால் ஒட்டி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் முறுக்கினால் அது போர்டைக் குத்திக் கெடுக்கும். அப்படிக் கெட்டவற்றையும் பார்த்திருக்கிறேன். ரப்பர் கால்களுக்கு அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். மூடியைப் பிரிக்கத் திருப்புளி வேண்டாம், காலாவதியான ஏடிஎம் அட்டையின் ஓரம் போதும்.

உள்ளே திறந்ததும் முதல் வேலை, பேட்டரியின் இணைப்பானைப் போர்டிலிருந்து விடுவிப்பது. கம்பியைப் பிடித்து இழுக்காமல் இணைப்பானின் இரு ஓரத்தையும் நகத்தால் தள்ளுங்கள். அதற்குப் பின்தான் வேறு எதையும் தொட வேண்டும். உடலில் சேர்ந்த நிலைமின்சாரம் வடிய, பெயின்ட் இல்லாத பெரிய உலோகம் எதையாவது ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். கோடையின் வறண்ட காற்றில் பாலியஸ்டர் சட்டையோடு இந்த வேலைக்கு உட்கார வேண்டாம்.

ரேம், விரல் நீளப் பச்சை அல்லது கறுப்பு அட்டை. இரு பக்கமும் உலோகக் கொக்கிகள். இரண்டையும் ஒரே நேரத்தில் வெளியே விலக்கினால் அட்டை தானாகச் சாய்ந்து எழும், அந்தச் சாய்விலேயே இழுங்கள். பொன்னிறப் பட்டைகளை வெள்ளை ரப்பரால் மென்மையாகத் தேயுங்கள். துகள் ஒன்றும் மிஞ்சாமல் துடைத்துவிடுங்கள். சொருகும் இடத்தில் ஊதாதீர்கள், எச்சில் துளி அரிப்பை உண்டாக்கும். மென்மையான தூரிகை போதும். மறுபடி அதே சாய்வில், பட்டை முழுவதும் உள்ளே மறையும்வரை தள்ளிப் பிறகு கீழே அழுத்தினால் ‘டிக்’ என்று கொக்கிகள் பிடிக்கும். பாதி உள்ளே போன ரேமும் பார்வைக்குப் பொருந்தியதுபோலவே இருக்கும்.

இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். பிறகு மற்றொன்றை. பிறகு அடுத்த இடத்தில். நான்கு முயற்சியில் எது கெட்டது, அட்டையா அதன் இடமா என்று தெரிந்துவிடும். ரேமைப் போர்டிலேயே பற்றவைத்த மெலிந்த மாடல்களில் இந்த வழி கிடையாது.

கையோடு கையாக, வட்டமான சிஆர்2032 மின்கலம் இருந்தால் அதையும் ஐந்து நிமிடம் கழற்றி வையுங்கள். பல மாடல்களில் பயாஸ் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பும். திரை கேபிளின் போர்டு முனையையும் ஒருமுறை கழற்றிச் சொருகலாம், ஆனால் பேட்டரி இணைப்பான் விடுபட்டிருக்கும்போது மட்டுமே. மின்சாரம் இருக்கையில் அந்தக் கேபிளைத் தொட்டால், முன்பு சொன்ன பின்விளக்கு ஃபியூஸ் ஒரு நொடியில் எரிந்துவிடும். உள்ளே எறும்புக் கூட்டம் குடியிருந்தால் தூரிகையால் வெளியேற்றுங்கள், பூச்சி மருந்து அடிக்காதீர்கள்.

நம் ஊர் வெயிலைப் பற்றி

பெரும்பாலான லேப்டாப்புகளுக்கு 35 டிகிரி வரைதான் தாங்கும் வெப்பநிலை என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். கத்திரி வெயிலில் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் எங்கும் 40ஐத் தாண்டும். சூடேறி விரிந்து, குளிர்ந்து சுருங்கி, சிப்புக்கு அடியில் உள்ள ஈயமற்ற பற்றவைப்புப் புள்ளிகள் நாளடைவில் விரிசல் விடுகின்றன. கிராபிக்ஸ் சிப் அப்படி விட்டுப்போனால் விசிறி ஓடும், திரை வராது. சிலர் சூடான காற்றை அடித்து அதை எழுப்பிக் கொடுப்பார்கள். சில வாரங்களோ மாதங்களோ ஓடி மறுபடி விழுந்துவிடும். அதை நிரந்தரச் சிகிச்சை என்று சொல்லிப் பணம் வாங்குவதை நான் ஏற்பதில்லை. கோப்புகளை எடுக்க மட்டும் அது உதவும்.

வண்டியின் டிக்கியில் வெயிலில் கிடந்த லேப்டாப்பை உடனே கிளப்பாதீர்கள். அரை மணி ஆறட்டும். மெத்தை மேல் வைத்து ஓட்ட வேண்டாம், அடிப்பக்கக் காற்றுத்துளை அடைபடும்.

கடைக்குக் கொடுக்கும் முன்

இவ்வளவுக்கும் வராவிட்டால் திறமையான சிப் லெவல் கடையைத் தேடுங்கள். கொடுக்கும் முன் இரண்டு காரியம். முதலாவது, உங்கள் கோப்புகள் இருக்கும் எஸ்எஸ்டி தனியாகக் கழற்றக்கூடியதென்றால் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்ப்ளே பழுதுக்கு அது தேவையே இல்லை. ‘ஃபார்மட் செய்தால் சரியாகும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சின்னமே வராத திரைக்கு ஃபார்மட் மருந்தல்ல.

இரண்டாவது, பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டின் சாவி. விண்டோஸ் லேப்டாப்புகள் பலவற்றில் உரிமையாளர் அறியாமலே கோப்புகள் பூட்டப்பட்டிருக்கின்றன. போர்டை மாற்றினாலோ எஸ்எஸ்டியை வேறு கணினியில் இணைத்தாலோ 48 இலக்கச் சாவியைக் கேட்கும். வீட்டு லேப்டாப்பென்றால் அது வழக்கமாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கைப்பேசியிலிருந்தே நுழைந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாவி இல்லாவிட்டால் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. குடியாத்தத்துக்காரர் கேட்டாரே, எல்லாம் திரும்பக் கிடைக்குமா என்று, அதற்கான விடை பல நேரம் இந்த 48 எண்களில்தான் இருக்கிறது.

பேனல் மாற்ற வேண்டியிருந்தால் ‘15.6 அங்குலம்’ என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். அதே அளவில் 30 முனை, 40 முனை என்று இணைப்பான்கள் வேறுபடும். பழைய பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் படம் எடுத்து, அதைக் காட்டி வாங்குங்கள். உள்ளூரில் கிடைக்காவிட்டால் காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை ரிச்சி தெருவில் தேடலாம்.

ரசீதில் ரேமின் அளவும் லேப்டாப்பின் வரிசை எண்ணும் எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். ஒரு சீட்டில் நீங்கள் செய்து பார்த்ததை எழுதி மூடியின் மேல் ஒட்டிக் கொடுங்கள்: ‘கேப்ஸ் லாக் எரிகிறது. டார்ச்சில் நிழல் தெரியவில்லை. டிவியில் படம் வருகிறது. மூடியைப் பாதி திறந்தால் ஒருமுறை மின்னியது.’ இப்படி ஒரு சீட்டோடு வரும் லேப்டாப்பில் நான் நேராகக் கேபிளைத்தான் கழற்றுவேன்.